ஃபோர்டு கதவு கீபேட் கோட் தெரியல, கார்டும் இல்ல – எப்படி எடுக்கறது?

நாடோடி77:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2000 மாடல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. டிரைவர் கதவுல கைப்பிடிக்கு மேல, சாவி இல்லாம கோட் போட்டு கதவ திறக்கறதுக்குன்னு அஞ்சு பட்டன் வரிசையா இருக்கு, 1·2, 3·4, 5·6, 7·8, 9·0ன்னு. அமுக்கினா லைட் எரியுது, அதனால கீபேட் உயிரோட தான் இருக்குன்னு நினைக்கறேன். கோட் தான் தெரியல. வித்தவர் ஒரு நம்பர் சொன்னாரு, அது வேலை செய்யல, அவருக்கே அதுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க வாய்வார்த்தையா சொன்னதாம். க்ளவ் பாக்ஸ்ல மேனுவல் இருக்கு, கோட் எழுதின கார்டு இல்ல. ரிமோட் இல்ல, சாவியும் ஒண்ணே ஒண்ணு. சாவி உள்ள மாட்டிக்கிட்டா என்ன செய்யறதுங்கற பயத்துல தான் இந்த கீபேட வேலை செய்ய வைக்கணும்னு பாக்கறேன். டீலர்கிட்ட போகாம எடுக்க வழி இருக்கா?

மழைக்காலம்:
பேட்டரிய அரை மணி நேரம் கழட்டி வச்சு மாட்டுங்க, ரீசெட் ஆகி பழைய டீஃபால்ட் கோட் வந்துடும். ரேடியோவுக்கு அப்படித்தான் பண்ணுவாங்க.

வயர்மேன்:
மழைக்காலம், அது வேலைக்கு ஆகாது. ஃபோர்டு கீபேட்ல எல்லா வண்டிக்கும் பொதுவான டீஃபால்ட் கோட்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனிலயே தனியா அஞ்சு இலக்க நம்பர் போட்டு அனுப்புவாங்க. அது வண்டிக்குள்ள இருக்கற மாட்யூலோட, அதாவது ஒரு எலக்ட்ரானிக் பெட்டியோட, அழியாத மெமரில இருக்கும், பேட்டரிய ஒரு மாசம் கழட்டி வச்சாலும் அங்கேயே தான் இருக்கும். பேட்டரி கழட்டினா கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் போகும், அவ்வளவு தான்.

நாடோடி, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, மீதி எல்லாம் சுலபமாயிடும். கதவுல இருக்கற கீபேட் வெறும் சுவிட்ச் தான். அதுக்குள்ள கோட் எதுவும் இல்ல. நீங்க அமுக்கறத அது வயர் வழியா உள்ள ஒரு மாட்யூலுக்கு அனுப்பும், சரியா தப்பான்னு முடிவு பண்றது அந்த மாட்யூல். கோட் இருக்கறது அங்க. அதனால கீபேட புதுசா மாத்தினாலும் கோட் மாறாது. ஆனா மாட்யூல மாத்தியிருந்தா, கார்டுல இருக்கற கோட் செல்லாது, புது மாட்யூலோட கோட் தான் செல்லும். பழைய வண்டில கார்டு இருந்தும் கோட் வேலை செய்யலன்னு வர்றவங்கள்ல பல பேருக்கு காரணம் இது தான்.

உங்க வருஷத்து எக்ஸ்ப்ளோரர்ல அந்த மாட்யூலுக்கு ஆர்ஏபி மாட்யூல்னு பேரு. பின்னாடி சாமான் வைக்கற இடத்துல, பயணி பக்கத்து சைடு பேனலுக்குப் பின்னால இருக்கும். அது மேல வெள்ளை ஸ்டிக்கர், அதுல அஞ்சு இலக்கத்துல கோட் அச்சடிச்சிருக்கும். பேனல முழுசா கழட்ட வேண்டியதில்ல, ஜாக் வைக்கற இடத்தோட மூடிய திறந்து உள்ள பாத்தா தெரியும்.

ரெஞ்சு_கையில:
வயர்மேன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கூடவே ஒண்ணு, கண்ணாடி வச்சு பாக்காதீங்க. பழைய வீடியோல எல்லாம் சின்ன கண்ணாடிய உள்ள விட்டு டார்ச் அடிச்சு படிக்கச் சொல்லுவாங்க, கண்ணாடில எழுத்து திரும்பித் தெரியும், 2 பாக்க 5 மாதிரி இருக்கும், 5 பாக்க 2 மாதிரி இருக்கும். இந்த கீபேட்ல 1·2ம் 5·6ம் வேற வேற பட்டன், அங்க தப்பா படிச்சா மொத்தமும் தப்பு. போன உள்ள விட்டு பின்பக்க கேமரால, ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுங்க. செல்ஃபி கேமரா வேண்டாம், சில போன்ல அதுவும் திருப்பிக் காட்டும். கை உள்ள போக இடம் கம்மி, மெட்டல் விளிம்பு கூர்மையா இருக்கும், கிளவுஸ் போட்டுக்கங்க.

ஸ்டிக்கர்ல நிறைய நம்பர் இருக்கும். எழுத்தும் நம்பரும் கலந்து கோடு போட்டு வர்றது பார்ட் நம்பர், அத விட்டுடுங்க. தனியா அஞ்சே அஞ்சு இலக்கம் இருக்கும், அது தான்.

தனிக்காட்டுராஜா:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு ப்ரோ, அஞ்சு பட்டன் தானே இருக்கு, உக்காந்து வரிசையா போட்டுப் பாத்தா ஒரு நாள் சிக்கிடும்ல?

வயர்மேன்:
அஞ்சு பட்டன், அஞ்சு இடம். 5 x 5 x 5 x 5 x 5, மொத்தம் 3125 சாத்தியம். கேக்க கம்மியா தான் இருக்கு, ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க தெரியும். அதுவும் புது வண்டிங்கள்ல தப்பான கோட ஏழு தடவை போட்டா, அதாவது தொடர்ந்து 35 அமுக்கல், கீபேட் ஒரு நிமிஷம் முடங்கிடும், பட்டன் லைட் விட்டு விட்டு எரியும். ஒரு நிமிஷம் கையே வைக்காம இருக்கணும், இல்ல ரிமோட்ல அன்லாக் பண்ணணும், இல்ல இக்னிஷன் ஆன் பண்ணணும், அப்பத்தான் சரியாகும். கோட் மறந்துட்டு பதட்டத்துல படபடன்னு அமுக்கறவங்க இதுல மாட்டிக்கிட்டு கீபேட் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. கெடல, கொஞ்ச நேரம் கை வைக்காம விடுங்க.

நாடோடிகிட்ட சாவி இருக்கு, வண்டி திறந்து தான் இருக்கு, ஸ்டிக்கர் உள்ளயே இருக்கு. யூகிக்க என்ன தேவை?

தனிக்காட்டுராஜா:
பட்டன்ல ரெண்டு நம்பர் இருக்கே, அப்ப பத்து நம்பர் ஆகாதா?

ரெஞ்சு_கையில:
ஆகாது. 1·2 ஒரே பட்டன், நீங்க 1ன்னு நினைச்சு அமுக்கினாலும் 2ன்னு நினைச்சு அமுக்கினாலும் மாட்யூலுக்கு ஒரே சிக்னல் தான் போகும். கார்டுல 2 4 6 8 0ன்னு இருந்தா 1 3 5 7 9ம் அதே கோட் தான். மறந்தவங்களுக்கு இது ஒரு விதத்துல நல்லது, 34ஆ 43ஆன்னு குழம்ப வேண்டாம், ரெண்டும் ஒண்ணு தான்.

லிங்கன்_பிரியை:
என்னோடது 2013 லிங்கன் எம்கேஎக்ஸ், பட்டன் ஸ்டார்ட். எனக்கும் கோட் தெரியாது. இங்க சொல்ற மாதிரி பின்னாடி பேனல்ல தேடணுமா? பிளாஸ்டிக் க்ளிப்ப உடைச்சிடுவேனோன்னு பயமா இருக்கு. ரெண்டு சாவியும் இருக்கு.

வயர்மேன்:
வேண்டாம்மா, பேனல் எதையும் தொடாதீங்க. ரெண்டு சாவி இருந்தா உங்க வேலை ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. அந்த காலகட்டத்துல இருந்து மீட்டர்ல மெசேஜ் ஸ்கிரீன் இருக்கற ஃபோர்டு, லிங்கன் நிறைய மாடல்ல ஃபேக்டரி கோட, அதாவது கம்பெனில போட்டு அனுப்பின அந்த அஞ்சு இலக்க நம்பர, திரையிலயே காட்ட வைக்கலாம், மேனுவல்ல கீபேட் பகுதிலயே எழுதியிருக்கும். ஒரே கண்டிஷன், ரெண்டு சாவியும் அந்த வண்டிக்கே ப்ரோகிராம் ஆனதா இருக்கணும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டில சாவிய வைக்கறதுக்குன்னு ஒரு பேக்கப் இடம் இருக்கும். சாவில பேட்டரி தீர்ந்துபோனா கூட வண்டி ஸ்டார்ட் ஆகறதுக்காக வச்ச இடம் அது, எங்க இருக்குன்னு மாடலுக்கு மாடல் மாறும், சிலதுல கன்சோல் பாக்ஸுக்குள்ள, சிலதுல கப் ஹோல்டர்கிட்ட, மேனுவல்ல பாத்துக்கங்க. முதல் சாவிய அங்க வச்சு, பிரேக் மிதிக்காம ஸ்டார்ட் பட்டன ஒரு தடவை அமுக்குங்க. சில செகண்ட் விட்டு திரும்ப அமுக்கி ஆஃப் பண்ணிட்டு அந்த சாவிய எடுத்துடுங்க. இப்ப ரெண்டாவது சாவிய அதே இடத்துல வச்சு பட்டன அமுக்குங்க. மீட்டர் திரையில கோட் சில செகண்ட் தெரியும். ஒரு சாவிய வேலையில வைக்கும்போது இன்னொண்ண வண்டிக்கு வெளில தள்ளி வச்சுடுங்க, குழப்பம் இருக்காது.

சாவிய திருகி ஸ்டார்ட் பண்ற வண்டினாலும் இதே முறை தான். முதல் சாவிய போட்டு ஆன்ல வச்சு, சில செகண்ட்ல ஆஃப் பண்ணி எடுத்து, ரெண்டாவத போட்டு ஆன் பண்ணணும்.

முக்கியமா ஒண்ணு, வேற ஏதாவது வார்னிங் மெசேஜ் இருந்தா அது முதல்ல வந்து போகும், அதுக்கு அப்புறம் தான் கோட் வரும். ஆயில் மாத்தணும், கதவு திறந்திருக்குன்னு ஏதாவது வந்த உடனே வேலை செய்யலன்னு ஆஃப் பண்ணிடாதீங்க. போன் கேமரால வீடியோவ ஓட விட்டு வச்சுடுங்க, கோட் மறைஞ்சாலும் பதிவுல இருக்கும்.

பின்சீட்டு:
இதே ரெண்டு சாவி முறைய ஒரே சாவி இருக்கறவங்க எப்படி பண்றது? என் வண்டி 2015 எஃப்-150, ஒரு சாவி காணாம போச்சு.

ரெஞ்சு_கையில:
பண்ண முடியாது. அது வேணும்னே வச்சது தான், ஒரு சாவி யார் கையிலயாவது சிக்கினா போதும் கோட் எடுத்துடலாம்னு இருக்கக்கூடாதுன்னு. உங்களுக்கு மூணு வழி இருக்கு. க்ளவ் பாக்ஸ்ல ஓனர் கார்டு, மேனுவல் பாக்கெட்டுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், அத தலைகீழா உதறிப் பாருங்க, மேனுவல் அட்டையோட உள்பக்கத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்காங்களான்னும் பாருங்க, நிறைய பேர் அப்படி எழுதுவாங்க. இல்லன்னா ரெண்டாவது சாவி வாங்கி ப்ரோகிராம் பண்ணிட்டு இதே முறைய செய்யலாம். இல்லன்னா டீலர்.

எப்படியும் உங்களுக்கு ரெண்டாவது சாவி வேணும். இருக்கற ஒரே சாவியும் போச்சுன்னா அப்ப கதையே வேற, கீபேட்ல கோட் போட்டு கதவு திறக்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. கோட் கதவுக்கு மட்டும் தான், எஞ்சினுக்கு சாவில இருக்கற சிப்ப வண்டி அடையாளம் காணணும். அதனால புது சாவிக்கும் கோடுக்கும் சேத்து ஒரே தடவையா டீலர்கிட்ட போறது நல்லது.

பின்சீட்டு:
என் சாவிக்கொத்துல ஒரு சின்ன உலோக பட்டை இருந்துச்சு, அதுல நம்பர் குத்தியிருக்கு. அது இந்த கோடா?

வயர்மேன்:
இல்ல, அது சாவி வெட்டற நம்பர். அந்த நம்பர வச்சு சாவி பல்ல அதே மாதிரி வெட்டலாம். கீபேடுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா அத தூக்கிப் போட்டுடாதீங்க, பத்திரமா வைங்க, படம் எடுத்து எங்கயும் போடாதீங்க.

சுபா_ஓட்டுனர்:
டீலர் எப்படி எடுக்கறாங்க? என்கிட்ட ஒரு இடத்துல வின் நம்பர் (வண்டியோட அடையாள நம்பர்) மட்டும் வாங்கி ஒரு கோட் எழுதிக் குடுத்தாங்க, அது வேலையே செய்யல. அப்புறம் வண்டியையே கொண்டு வாங்கன்னாங்க.

வயர்மேன்:
ரெண்டு விதமா எடுப்பாங்க. வின் நம்பர வச்சு கம்பெனி பதிவுல தேடறது ஒண்ணு. வண்டில ஸ்கேன் டூல மாட்டி மாட்யூல்ல இருந்தே படிக்கறது இன்னொண்ணு. முதலாவதுல வர்றது வண்டி கம்பெனில இருந்து வெளில வந்தப்ப இருந்த கோட். நடுவுல யாராவது கோட் இருக்கற அந்த மாட்யூல மாத்தி, குறிப்பா பழைய இரும்புக் கடைல இருந்து எடுத்து மாட்டியிருந்தா, பதிவுல ஒரு நம்பர் இருக்கும், வண்டில வேற நம்பர் இருக்கும். உங்களுக்கு நடந்தது அது தான்னு தோணுது. மாட்யூல்ல இருந்து நேரா படிக்கறது தான் நம்பகமானது. வண்டி பேப்பரும் போட்டோ அடையாள அட்டையும் எடுத்துட்டுப் போங்க, கேக்கணும், கேக்காம குடுத்தா தான் நாம கவலைப்படணும்.

பழைய வண்டில கூட ஸ்டிக்கர் எங்க இருக்குங்கறது மாடலுக்கு மாடல் மாறும். சில செடான்ல டிக்கி மூடியோட கீல் மேல ஒட்டியிருப்பாங்க, திறந்து வெளிச்சம் அடிச்சா தெரிஞ்சுடும். சிலதுல டேஷ்போர்டுக்கு அடியில இருக்கற மாட்யூல் மேல. உங்க மாடல், வருஷம் ரெண்டையும் சேத்து தேடுங்க, ஒரு வருஷம் முன்ன பின்ன ஆனாலே இடம் மாறிடுது.

நாடோடி77:
நன்றி எல்லாருக்கும். ஜாக் மூடிய திறந்து போன உள்ள விட்டு எடுத்தேன். மாட்யூல் தெரியுது, ஸ்டிக்கரும் இருக்கு. தூசி படிஞ்சிருந்துச்சு, துணிய குச்சில சுத்தி மெதுவா துடைச்சேன். படம் கீழ, இதுல எது கோட்னு யாராவது சொல்லுங்க, மூணு வரி நம்பர் இருக்கு.

[படம் நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்:
நாடோடி77, படத்த எடுத்துட்டேன், தப்பா நினைக்காதீங்க. உங்க பழைய பதிவு ஒண்ணுல அதே வண்டியோட நம்பர் பிளேட் தெரியற படம் இருக்கு, அதையும் மறைச்சிருக்கேன். ஃபேக்டரி கோடும் வண்டி அடையாளமும் ஒரே ஆளோட பேர்ல இணையத்துல கிடந்தா, அது கதவுச் சாவிய வாசல்ல தொங்க விடற மாதிரி. ஃபேக்டரி கோட நாம மாத்தவும் முடியாது, அதனால ஒரு தடவை வெளில போச்சுன்னா போச்சு தான். எல்லாருக்கும் சேத்து சொல்றேன், கோட், வின் நம்பர், சாவி பட்டை நம்பர், பிளேட், எதுவும் இங்க வேண்டாம். எழுத்துல விவரிச்சா போதும், இங்க இருக்கறவங்க புரிஞ்சுக்குவாங்க.

நாடோடி77:
சரிங்க, புரியுது. நீக்கினதுக்கு நன்றி. மேல் வரில எழுத்தும் நம்பரும் கலந்து இருக்கு. நடுவுல பார்கோடு. கீழ வலது மூலைல அஞ்சு இலக்கம் தனியா.

ரெஞ்சு_கையில:
மூலைல தனியா இருக்கறது தான். கதவெல்லாம் சாத்தி லாக் பண்ணி, சாவிய கையில வச்சுக்கிட்டு போட்டுப் பாருங்க. கண்ணாடிய பாதி இறக்கி வச்சுக்கங்க, முதல் தடவைக்கு மனசு நிம்மதியா இருக்கும். ஒரு பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவுல அஞ்சு செகண்டுக்கு மேல விடாதீங்க, விட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அஞ்சாவது இலக்கம் போட்ட உடனே டிரைவர் கதவு திறக்கும். அடுத்த அஞ்சு செகண்டுக்குள்ள 3·4 அமுக்கினா எல்லா கதவும் திறக்கும்.

நாடோடி77:
திறந்துடுச்சு!!! முதல் தடவையே திறந்துச்சு, அந்த க்ளக் சத்தம் கேட்டப்ப அவ்வளவு சந்தோஷம். 3·4ம் வேலை செய்யுது. பேனல கழட்டாமயே முடிஞ்சுது, வயர்மேன் அண்ணா, ரெஞ்சு அண்ணா ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.

லிங்கன்_பிரியை:
எனக்கும் வந்துடுச்சு. முதல்ல டயர் காத்து கம்மின்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, நீங்க சொல்லாம இருந்தா நான் அங்கயே விட்டிருப்பேன். அது போன உடனே கோட் வந்துச்சு. வீடியோ எடுத்தது ரொம்ப உதவியா இருந்துச்சு, கண்ணுல பதியறதுக்குள்ள மறைஞ்சுடுது.

இப்ப என் கேள்வி, இந்த ஃபேக்டரி கோட மனசுல வச்சுக்கறது எனக்கு சிரமம், எனக்குப் பிடிச்ச நம்பர வைக்கலாம்ல? எங்க அப்பாவும் அடிக்கடி வண்டிய எடுப்பாரு, அவருக்கு சுலபமா இருக்கணும்.

வயர்மேன்:
தாராளமா வைக்கலாம். ஃபேக்டரி கோட போடுங்க, அஞ்சு செகண்டுக்குள்ள 1·2 அமுக்குங்க, உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு இலக்கத்த போடுங்க, திரும்ப 1·2 அமுக்கினா முதல் சொந்தக் கோடா பதிவாயிடும். கதவு ஒரு தடவை பூட்டித் திறக்கும், பதிவாச்சுன்னு அர்த்தம். அப்பாவுக்கு தனியா வேணும்னா அதே மாதிரி செஞ்சு கடைசில 3·4 அமுக்குங்க, ரெண்டாவது ஆளுக்குப் பதிவாகும். மெமரி சீட் இருந்தா யாரோட கோட் போட்டாங்களோ அவங்க சீட் நிலையையும் கொண்டு வரும், வயசானவங்களுக்கு இது நல்ல வசதி.

அஞ்சும் ஒரே நம்பரா வைக்காதீங்க, வரிசையாவும் வைக்காதீங்க, மேனுவலே வேண்டாம்னு சொல்லுது. பொறந்த வருஷமும் வேண்டாம். ரெண்டு நம்பருக்கு ஒரு பட்டன்ங்கறதால 19ல ஆரம்பிக்கற எல்லா வருஷமும் 1·2, 9·0ன்னே தொடங்கும், யூகிக்கறவனுக்கு பாதி வேலைய நாமளே முடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும்.

ரெஞ்சு_கையில:
இதோட சேத்து, வருஷக்கணக்கா ஒரே கோட போட்டுட்டு இருந்தா அந்த பட்டன் மட்டும் தேஞ்சு நம்பர் மங்கிடும். மூணு பட்டன் மட்டும் தேஞ்சிருக்குன்னு ஒருத்தன் பாத்தாலே 3125 எங்கயோ கீழ இறங்கிடும். அப்பப்ப சொந்தக் கோட மாத்துங்க, கீபேட ஈரத்துணியால துடைச்சு வைங்க.

மழைக்காலம்:
ஃபோர்டு மட்டும் தான் இப்படி வச்சிருக்காங்களா? என் சுபாருல கீபேடே இல்ல ஆனா பின் (PIN) கோட் இருக்குன்னு மேனுவல்ல போட்டிருக்கு, அதையும் மறந்துட்டேன்.

வயர்மேன்:
வெளில தெரியற மாதிரி கீபேட் வைக்கறத ஃபோர்டு 1980லயே தண்டர்பேர்ட், லிங்கன் வண்டிங்கள்ல ஆரம்பிச்சாங்க, அதுல இருந்து விடாம வச்சிட்டு இருக்காங்க. அது பெரும்பாலும் வட அமெரிக்க மாடல்ல தான் வரும்.

சுபாருல முறையே வேற. வண்டியோட பின்பக்கக் கதவ திறக்கற பட்டன ஒவ்வொரு இலக்கத்துக்கும் அத்தனை தடவை அமுக்கி அஞ்சு இலக்கத்த சொல்லணும், கீலெஸ் ஆக்சஸ் (சாவிய பூட்டுல போடாமயே திறக்கற வசதி) இருக்கற மாடல்ல. அதுல ஃபேக்டரி கோட்னு தேடவே வேண்டாம், சாவி கையில இருந்தா மறந்த பின் கோட தூக்கிப் போட்டுட்டு புதுசா பதிவு பண்ணிடலாம், மேனுவல்ல படிப்படியா இருக்கு. டெஸ்லால வண்டி ஓட்ட போடற நாலு இலக்க பின் மறந்தாலும் அந்த திரையிலயே டெஸ்லா அக்கவுண்ட் ஈமெயில், பாஸ்வேர்டு போட்டு தாண்டிடலாம். ஃபோர்டுல தான் மறந்தா மூலத்த தேடிப் போகணும், ஏன்னா சொந்தக் கோட் வைக்கறதுக்கும் அழிக்கறதுக்கும் அந்த ஃபேக்டரி கோட் தான் அடிப்படை.

கைக்குழந்தை_அம்மா:
ஒரு அவசரமான விஷயம் சொல்லணும். குழந்தைய உள்ள உக்கார வச்சுட்டு சாவியும் உள்ள மாட்டிக்கிட்டா கோட ஞாபகப்படுத்திட்டு நிக்காதீங்க. வெயில்ல மூடின வண்டிக்குள்ள சில நிமிஷத்துலயே சூடு பயங்கரமா ஏறிடும். உடனே அவசர உதவிக்கு போன் பண்ணுங்க, குழந்தை சோர்ந்து போற மாதிரி தெரிஞ்சா குழந்தைக்கு தூரமா இருக்கற ஜன்னல உடைங்க. கண்ணாடி எப்ப வேணா மாத்திக்கலாம். இந்த இழைய படிக்கற எல்லாரும் இத மனசுல வைங்க.

ரெஞ்சு_கையில:
ரொம்ப சரிங்கம்மா. இத சொன்னதுக்கு நன்றி.

சுபா_ஓட்டுனர்:
கோட எங்க எழுதி வைக்கறது? திரும்ப மறக்கக்கூடாது, ஆனா போன்லயும் வைக்க பயம், போன் வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டா அதுவும் போச்சு.

வயர்மேன்:
ஓனர் கார்ட வண்டிக்குள்ள வைக்காதீங்க, வண்டிக்குள்ள இருந்தா பூட்டின நேரத்துல உங்களுக்கும் உதவாது, உடைச்சு உள்ள வந்தவனுக்கு மட்டும் தான் உதவும். வீட்டுல வண்டி பேப்பர் வைக்கற ஃபைல்ல ஒரு தாள், நம்பிக்கையான வீட்டு ஆள்கிட்ட ஒண்ணு. சொந்தக் கோட மட்டும் மனசுல வைங்க, ஃபேக்டரி கோட் தாள்ல இருக்கட்டும். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவையாவது சாவி இல்லாம கீபேட்ல திறங்க. நம்ம கை பட்டன் வரிசைய பழகிடும், நம்பர் மறந்தாலும் விரல் மறக்காது. கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் குழாய்ல போற வயர் அறுந்து கீபேட் செத்துப் போறதும் உண்டு, அத அவசர நேரத்துல கண்டுபிடிக்கறத விட இப்படி கண்டுபிடிக்கறது மேல். வண்டி பேட்டரி டவுன் ஆனாலும் கீபேட் வேலை செய்யாது, அப்ப சாவியோட பல்லு தான் கதி. பட்டன் ஸ்டார்ட் சாவிக்குள்ளயும் ஒரு இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்கும், எப்படி உருவறதுன்னு இன்னிக்கே பாத்து வைங்க.

நாடோடி77:
கடைசியா ஒரு சந்தேகம். எனக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர் கை மாறின வண்டி. அவங்க வச்ச சொந்தக் கோட் இன்னும் உள்ள இருக்குமா? நான் ஃபேக்டரி கோட கண்டுபிடிச்சதால அது தானா போயிடுமா?

வயர்மேன்:
தானா போகாது. இருந்தா இன்னும் வேலை செய்யும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க முதல்ல செய்ய வேண்டிய வேலையே பழசெல்லாம் அழிக்கறது. புது வண்டிங்கள்ல ஃபேக்டரி கோட் போட்டு, அஞ்சு செகண்டுக்குள்ள 1·2 அமுக்கி விட்டு, திரும்ப அதே 1·2ஐ ரெண்டு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா எல்லா சொந்தக் கோடும் போயிடும், ஃபேக்டரி மட்டும் நிக்கும். உங்களோடது பழசு, அழிக்கற படி கொஞ்சம் மாறலாம், மேனுவல் கையில இருக்குல்ல, அதுல கீபேட் பக்கத்த பாத்து அதுல போட்டிருக்கற மாதிரியே செய்யுங்க.

ஃபேக்டரி கோட் தெரிஞ்ச பழைய ஓனர் இருந்தா அத மட்டும் அழிக்க முடியாது. அது உறுத்துச்சுன்னா மாட்யூல மாத்தறது ஒண்ணு தான் வழி. விலை உயர்ந்த சாமான உள்ள விட்டுட்டுப் போற பழக்கம் இல்லன்னா அது அவசியம் இல்லன்னு தான் நான் சொல்லுவேன்.

நாடோடி77:
மேனுவல பாத்து அழிச்சிட்டேன், புது சொந்தக் கோடும் வச்சாச்சு. வித்தவர் சொன்ன நம்பர இன்னொரு தடவை போட்டுப் பாத்தேன், திறக்கல. அடுத்த வாரம் ரெண்டாவது சாவி வெட்டப் போறேன்.

நெறியாளர்:
தலைப்புல தீர்ந்ததுன்னு குறிச்சிருக்கேன். வேற மாடலுக்கு கேள்வி இருக்கறவங்க புது இழைல மாடலும் வருஷமும் போட்டு கேளுங்க, ஸ்டிக்கர் இருக்கற இடம் மாறறதால ஒரே இழைல கலந்தா தேடறவங்களுக்கு கஷ்டம்.